கதவில் ஒட்டிய பட்டை

மாதக் கடைசியில் யார் மெதுவோ, அவர் மேசையில் பச்சைத் துணி ஆமை ஏறும். அமெரிக்காவின் டேட்டன் நகரத்து அந்த மருத்துவமனையின் நான்காம் தளத்தில், ஆமை லொரெட்டாவின் மேசையை விட்டு இறங்கி வெகுநாளாகிவிட்டது.

ஸ்கேனர் வந்த பிறகு ஆள் மாறி மருந்து போவது அநேகமாக நின்றிருந்தது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைக் காட்டி, பிறகு மருந்தைக் காட்ட வேண்டும். பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. ஆனால் தூங்குகிறவரின் கையைப் போர்வைக்குள் தேட நேரமாகும். அதனால் மற்ற நர்ஸுகள் பட்டைக்கு நகல் எடுத்துக் கதவில் ஒட்டிவைத்தார்கள். லொரெட்டா மட்டும் கையைத் தேடினாள்.

"ஆமை மகாராணி, இன்னும் ரேகை பாத்து முடிக்கலையா?" என்றாள் தலைமை நர்ஸ் க்வென். எல்லோரும் சிரித்தார்கள்.

"கையிலதானே பாக்கச் சொல்லியிருக்காங்க, க்வென்."

"இந்த மாசமும் நீ கடைசின்னா வேற ஆளைப் போட்டுக்குவேன். அப்புறம் உன் புருஷன் டயாலிசிஸுக்கு இன்சூரன்ஸ் எங்கேர்ந்து வரும்னு யோசிச்சுக்கோ."

மறுநாள் காலை பன்னிரண்டாம் அறைக்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது. உள்ளே ஒருவர் போர்வையைத் தலைவரை இழுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். லொரெட்டா கதவருகே நின்றாள். முதன்முறையாக அங்கிருந்த பட்டையைக் காட்டினாள். வெர்னன் டேட் என்றது திரை. பச்சை. ஊசி போட்டாள்.

"நன்றி கண்ணு," என்றார் அவர், கண் திறக்காமலே.

வெர்னனை விடிகாலையிலேயே வேறு அறைக்கு மாற்றியிருந்தார்கள். திரையின் மூலையில் புது அறை எண் பொடியாக இருந்தது. படுத்திருந்தவர் ஓடெல். சர்க்கரை நோயே இல்லாதவர். அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி கிடந்தவர். கண்டுபிடித்தபோது சர்க்கரை அடியோடு இறங்கி, வலிப்பு வந்து அடங்கியிருந்தது. அவர் பிறகு கண் திறக்கவேயில்லை.

"அவர் கையைக் காட்டியிருந்தா மெஷின் சிவப்பு காட்டியிருக்கும்," என்றார் விசாரிக்க வந்த அதிகாரி. "வேற ரூம்ல இருக்கிறவர் பட்டை உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கதவுல ஒட்டியிருக்கு சார். எல்லாக் கதவுலயும்."

அவர் போய்ப் பார்த்தார். கதவுகள் பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தன.

"அந்தப் பழக்கம் இங்க கிடையாது சார்," என்றாள் க்வென். "பாவம், வேகமாகணும்னு அவளுக்கு ஆசை."

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

லொரெட்டா தன் பொருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். க்வென் வந்து ஆமையையும் எடுத்து அதற்குள் வைத்தாள்.

"உன்னோடதுதானே. விட்டுட்டுப் போகாதே."