கிளையின் மலர்வளையம்

மாமனாரின் ஒரு கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, மறு கன்னத்துக்காக அவர் முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள் மிர்யா. காலையில்தான் செவிலி வந்து பார்த்துவிட்டு, சமையலறையில் நின்றபடியே காபி குடித்து, இன்றைக்கோ நாளைக்கோதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆர்மஸுக்கும் அது தெரியும். அதனால்தான் சவரம் செய்துவிடச் சொன்னார். தாடியோடு படுத்துக் கிடப்பது, தேர்தல் நாளில் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பது மாதிரி அவருக்குக் கூச்சம்.

"ஆலைக்காரி, உனக்குக் கை நடுங்குது."

"நடுங்கறது உங்க தாடை. பேசாம இருங்க மாமா."

ஆலைக்காரி என்றுதான் அவர் அவளைக் கூப்பிடுவார். காகித ஆலை நகரத்திலிருந்து வாழ வந்தவள் அவள். அப்பா ஆலைத் தொழிலாளி, செங்கொடிக்காரர். அப்பாவைப் பெற்றவர் உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கம் நின்று, வென்ற வெள்ளைப் படையின் சிறை முகாமில் பட்டினி கிடந்து செத்தவர். நிலம் வைத்திருப்பவன் என்றாலே அந்த வீட்டில் முகம் சுளிப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, ஏரிக்கரை ஊரான பெர்த்துலாவில் பால்மாடு வைத்திருக்கும் ஆர்மஸின் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். ஆர்மஸோ வெறும் விவசாயி இல்லை, விவசாயிகள் கட்சியின் பெர்த்துலா கிளைத் தலைவர். கல்யாணத்தன்று அவள் அப்பா மேல்கோட்டைக் கழற்றாமல் வாசல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்.

கட்சி எப்போதோ தன் பெயரிலிருந்து விவசாயியை இறக்கிவிட்டு, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆர்மஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாகும்வரை பழைய பெயர்தான். தேர்தல் வந்தால் மாமனாரும் மருமகளும் ஒரே காரில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவர் ஓட்டை இவளும் இவள் ஓட்டை அவரும் செல்லாக்காசாக்கிவிட்டு, ஒரே காரில் திரும்பி வந்து காபி குடிப்பார்கள். இடதும் வேண்டாம் வலதும் வேண்டாம் என்பார் அவர். நடுரோட்டில் நின்றால் லாரி அடிக்கும் என்பாள் இவள். எல்லாம் தலைநகரத்தில் இருப்பவன் கைக்குப் போய்விடக் கூடாது, கடைசி வீட்டுக்கும் சாலை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், பால் வண்டி வர வேண்டும் என்பார். கடைசி வீடு உங்களுடையதுதானே, அதுதான் இந்தக் கொள்கை என்பாள். "இல்லையே, எனக்கப்புறம் லெம்பி வீடு இருக்கே" என்று விதவை லெம்பியின் குடிசை இருக்கும் காட்டுப் பக்கம் கையைக் காட்டுவார். உண்மையில் லெம்பி வீட்டுக்குச் சாலை போட வைப்பதற்காக அவர் ஏறி இறங்கிய அலுவலகங்களைக் கேட்டால் தலை சுற்றும்.

மழித்து முடித்து, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். கண்ணை மூடியிருந்தவர் மூடியபடியே சொன்னார்.

"கிளையோட மலர்வளையத்தை யார் வைப்பாங்கன்னு யோசிச்சேன்."

மிர்யா துணியைப் பிழிவதை நிறுத்தினாள்.

கிளையில் யார் இறந்தாலும் கிளையின் பெயரால் பச்சை நாடா கட்டிய வளையம் உண்டு. தேவாலயத்தில் சவப்பெட்டிக்கு முன்னால் போய், வளையத்தை வைத்து, நாடாவில் இருப்பதை உரக்கப் படித்து, இறந்தவருக்கும் குடும்பத்துக்கும் தலை வணங்கிவிட்டு வர வேண்டும். எல்லோருக்கும் ஆர்மஸ்தான் வைத்தார். கால் வீங்கியிருந்தபோதுகூட நொண்டிக்கொண்டே போய் வைத்தார். இப்போது கிளையில் மிச்சம் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவரான வில்ஹோ, தன் பெயரையே மறந்து முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

"மாவட்ட ஆபீசுலேர்ந்து ஆள் அனுப்புவாங்களே மாமா."

"அனுப்புவாங்க. என் வீடு எது, மாட்டுக் கொட்டாய் எதுன்னு தெரியாத ஒருத்தன் வருவான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கிளை இருக்கற ஊருல கிளைதான் வைக்கணும். ஆளில்ல. சரி, போகட்டும்."

நான் வைக்கிறேன் என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பாவின் முகமும் கூடவே வந்தது. அவள் துணியை மறுபடி பிழியத் தொடங்கினாள். அவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாததை யாரிடமும் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

மதியம், அவள் கணவன் எஸ்கோ பால் கறக்கும் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஆர்மஸ் போய்விட்டார். மிர்யா ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஏரியில் பனிக்கட்டி கருத்துப்போய், கரையோரம் தண்ணீர் தெரிந்தது. மழித்த கன்னம் இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சத்தமாகவே அழுதாள்.

வளையத்தைப் பற்றி இரண்டு நாள் கழித்துக் கணவனிடம் சொன்னாள். மகன்தானே, அப்பாவுக்காக ஒரு தடவை கிளையின் ஆளாக நிற்கக் கூடாதா என்று கேட்டாள். எஸ்கோ ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் அவனும் கிளையில் இருந்தவன்தான். ஊராட்சி மன்றம் பெர்த்துலா பள்ளிக்கூடத்தை மூட ஓட்டெடுத்த அன்றைக்கு விலகினான். மன்றத்தில் பெரும்பாலோர் அப்பாவின் கட்சிக்காரர்கள். எதிர்த்துக் கை தூக்கியவர்களில் அந்தப் பக்கத்திலிருந்து அப்பா ஒருவர்தான். மறுநாள் காலையிலும் கோட்டில் க்ளோவர் தீவனச் செடியின் இலை போட்ட கட்சிச் சின்னத்தைக் குத்திக்கொண்டுதான் கூட்டத்துக்குக் கிளம்பினார். அதைத்தான் எஸ்கோவால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவும் மகனும் அதன்பின் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள்.

"கடைசி வீட்டுக்கும் பள்ளிக்கூடம்னு சொல்லிச் சொல்லியே மூடினாங்க. அந்த நாடாவை நான் தொட மாட்டேன் மிர்யா."

"அவர் மூடலையே."

"விட்டுட்டும் வரலையே."

அதற்கு ஆர்மஸ் சொல்லும் பதில் அவளுக்குத் தெரியும். கூரை ஒழுகியபோது வீட்டை விட்டா போனேன், ஏணியைத்தானே எடுத்தேன் என்பார். அதை எஸ்கோவிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவளிடம்தான் சொல்வார். இப்போது அவள் சொல்லியிருக்கலாம். பூட்ஸோடு குனிந்திருந்தவனின் முதுகைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

அன்று மாலை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் தொலைபேசியில் மிகவும் மரியாதையாகப் பேசினான். வளையமும் ஆளும் அனுப்பி வைக்கிறோம் என்றான். மிர்யா நன்றி சொன்னாள். பிறகு, வேண்டாம், கிளையே வைக்கும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

தன் அப்பாவின் சவ அடக்கம் நினைவுக்கு வந்தது. கொடும் பனிக்காலம். தொழிற்சங்கத்துச் செங்கொடியைப் பிடித்திருந்த கிழவர் கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் வழுக்கி விழப் போனார். பின்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஆர்மஸ் பாய்ந்து கொடிக்கம்பைப் பிடித்தார். கிழவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வேறு யாரும் முன்வராததாலோ என்னவோ, பாட்டெல்லாம் முடிந்து மண் தள்ளும்வரை கொடியை நேராகப் பிடித்தபடி அவரே நின்றார். வெள்ளைப் படைப் பக்கத்து வீட்டு விவசாயி! திரும்பி வரும்போது காரில் மிர்யா அவரைப் பார்த்தாள். "காத்து பலமா இருந்துச்சு" என்றார் அவர்.

பூக்கடைக்காரி நாடாவில் என்ன எழுதுவது என்று கேட்டாள். கட்சியின் பெயரை மிர்யா பழைய பெயராகவே சொன்னாள். அப்படி ஒரு கட்சி இப்போது இல்லையே என்றாள் கடைக்காரி. இருக்கிறது, எழுதுங்கள் என்றாள் மிர்யா. வீட்டுக்கு வந்ததும் வைக்கோல் பரணில் ஏறி, சென்ற கோடையில் ஆர்மஸ் கடைசியாகக் காயவைத்த தீவனத்திலிருந்து பூவோடு இருந்த க்ளோவர் தண்டுகளைப் பொறுக்கியெடுத்து, வளையத்தில் செருகினாள். காய்ந்தும் பூவில் சிவப்பு போகவில்லை. உங்கள் கட்சியில் இலைதான் பச்சை, பூ எங்கள் நிறம் என்று அவரைச் சீண்டியிருக்கிறாள். அதையாவது வெறும் தீவனமாகப் பார், அரசியலை விடு என்பார்.

தேவாலயத்தில் முதலில் குடும்பம் பூ வைத்தது. எஸ்கோவும் அவளும் சேர்ந்துதான் போனார்கள். அவன் குரல் உடைந்ததால் நாடாவை அவள்தான் படித்தாள். பிறகு அக்கம்பக்கத்தார் வைத்தார்கள். லெம்பி, கையிலிருந்த பூவைப் பெட்டிமேல் வைத்துவிட்டு ஒன்றும் படிக்காமல் வந்து உட்கார்ந்தாள். பால் கூட்டுறவுக்காரர்களும் கடமான் வேட்டைக் குழுவும் முடித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார்.

மிர்யா எழுந்தாள். கையுறைகளை இருக்கையில் வைத்துவிட்டு, வாசலருகே சாய்த்து வைத்திருந்த வளையத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடுவழியாக நடந்து வந்தாள். இருக்கைகள் கிறீச்சிட்டன. ஆலைக்காரரின் மகள் எதைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று பச்சை நாடாவைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. வளையத்தைப் பெட்டியருகே வைத்து நாடாவை நிமிர்த்தினாள். தன் அப்பா இப்போது பார்த்தால் மேல்கோட்டோடு எழுந்து வெளியே போய்விடுவாரோ என்று தோன்றியது. போகமாட்டார், ஆர்மஸ் பிடித்த அந்தக் கொடியை அவரும்தான் பார்த்திருப்பார் என்றும் தோன்றியது.

"ஆர்மஸ் தலைவருக்கு நன்றியுடன், விவசாயிகள் கட்சி, பெர்த்துலா கிளை" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தாள்.

பெட்டிக்குத் தலை வணங்கினாள். இனி குடும்பத்துக்கு வணங்க வேண்டும், அதுதான் முறை. முதல் வரிசைப் பக்கம் திரும்பினாள். அங்கே எஸ்கோ தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவளுடைய இடம் காலியாக இருந்தது. கிளையின் ஆளாக நின்று, தன் கணவனுக்கும் தன் காலி இடத்துக்கும் சேர்த்துத் தலை வணங்கினாள்.

எஸ்கோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்தபடியே தலையசைத்தவன், இப்போது எழுந்து நின்றான். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கிளையிலிருந்து வந்த கட்சிக்காரருக்கு வணங்குவது போல ஆழமாகக் குனிந்தான். பிறகு, அவள் வந்து உட்காருவதற்காக, இருக்கையிலிருந்த கையுறைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.