வெட்டாமல் விட்ட பாசி

ரோனா டிரிஃபிட் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவாள். மற்ற நாட்களில் எங்கள் கடலோரச் சிற்றூர் நூபீனாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது அறுபத்தொன்று. மழை பெய்தாலும் தென்காற்று எலும்பைக் குடைந்தாலும் காலை ஏழு மணிக்குத் தடித்த ரப்பர் உடையை மாட்டி, ஸ்நார்க்கல் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பெட்லர் குடாவில் இறங்கிவிடுவாள். அங்கே பார்க்க எதுவும் மிச்சமில்லை என்பது ஊருக்கே தெரியும்.

முன்பு இருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போன நாளில் அந்தக் குடா முழுக்க ராட்சதக் கெல்ப் பாசிதான். ஆறேழு ஆள் ஆழத்தில் பாறையைப் பற்றிக்கொண்டு மரம் மரமாய் எழும்பி, மேலே வந்ததும் பாய் விரித்தாற்போல் படர்ந்து கிடக்கும். அலைகூட அதற்குள் நுழைந்தால் அடங்கிப்போகும். பிறகு வடக்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் எங்கள் டாஸ்மேனியாக் கரை வரைக்கும் இறங்கியது. நீண்ட கறுப்பு முட்களோடு பந்துபோல் உருண்ட கடல் முள்ளெலிகளும் கூடவே வந்தன. வெப்பம் வாட்டியதுபோக மிஞ்சியதை அவை அடியோடு கொறித்தன. பதினைந்து வருடத்தில் வெறும் பாறை.

ரோனாவுக்கு ஒரு கணவன் இருந்தான், கிளைவ். அபலோன் சிப்பி எடுக்க முக்குளிப்பவன். படகில் காற்று இயந்திரம் ஓட, அதிலிருந்து வரும் நீண்ட ரப்பர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு அடியில் மணிக்கணக்காக வேலை செய்வான். கெல்ப் இருந்த காலத்தில் அதை அவன் திட்டாத நாளில்லை. படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், காற்றுக் குழாயைப் பின்னிப்போடும். கத்தியால் வெட்டிக்கொண்டேதான் போவான். அது அழிந்தபோது ரோனா அழுதாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குமே அவன் ஒன்றும் சொல்வதில்லை. நாள்கணக்கில் பேசாமல் இருப்பான். முப்பது வருடம் அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்திவிட்டு ரோனா பிரிந்து வந்துவிட்டாள். ஆறு வருடம் ஆகிறது. ஐந்நூறு பேர் ஊரில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பது லேசில்லை. என் ரொட்டிக் கடைக்குத் திங்கட்கிழமை அவன் வருவான், செவ்வாய்க்கிழமை அவள் வருவாள். எழுதாத ஒப்பந்தம்.

இப்போது சொல்லப்போவதில் பாதி நானே பார்த்தது. மீதியை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் நம்புகிறேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. அலையே இல்லாத காலை. ரோனா வழக்கமான இடத்தைத் தாண்டி, குடாவின் வாயில் நிற்கும் பாறையைச் சுற்றி வெளிப்பக்கம் நீந்தினாள். தண்ணீரின் மேல் பழுப்பாக ஏதோ மிதந்தது. நண்டுக் கூண்டின் அறுந்த கயிறு என்று நினைத்துக் கையை நீட்டினாள். விரலில் வழவழவென்று இலை. இலையின் அடியில் காற்றடைத்த சிறு குமிழ். தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். கீழே, இருட்டு வரைக்கும், மூன்று கெல்ப் பாசிகள் ஆடாமல் அசையாமல் நின்றன. இலைகளின் ஊடே வெயில் தேன் நிறத்தில் இறங்கியிருந்தது. நீலத் தொண்டை மீன்கள் இரண்டு அதற்குள் வீடு வாசல் உள்ளவைபோல் உலாவின. ஓர் இலை தனியே நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் அது இலையில்லை, கடல் டிராகன். குழாய் போன்ற வாயும் உடம்பெல்லாம் இலைத் தொங்கலுமாகத் தண்டோடு ஒட்டி நின்றது. வாயிலிருந்த குழாயை மறந்து சிரித்ததில் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டதாக ரோனா சொன்னாள்.

ஈர உடையோடு கார் ஓட்டி வீட்டுக்கு வந்து ஹோபார்ட்டில் இருக்கும் இமொஜெனுக்கு ஃபோன் போட்டாள். இமொஜென் கெல்ப் ஆராய்ச்சி செய்யும் பெண். வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்த பாசிகளின் வித்தெடுத்து வளர்க்கும் குழுவில் இருப்பவள். ரோனாவும் அந்தக் குழுவில் தன்னார்வலர். வித்து எடுக்கும் அனுமதிச் சீட்டில் அவள் பெயரும் உண்டு. ஆனால் இத்தனை காலம் எடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

"மூணா? நல்லாப் பாத்தீங்களா ரோனா?"

"ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியும்மா எனக்கு. முப்பது புள்ளைங்கள எண்ணித்தான் பஸ்ல ஏத்துறேன்."

"அதுக்கில்ல. போன கோடையில அவ்வளவு சூட்டையும் தாங்கி நிக்குதுன்னா அதோட வித்து எங்களுக்குத் தங்கம் மாதிரி. ஆனா எங்க படகு பழுது பாக்கப் போயிருக்கு, வர பத்து நாளாகும். செவ்வாய்க்கெழம பெரிய அலை வருதுன்னு வேற சொல்றாங்க. ஆறு மீட்டர்."

"அப்போ நாளைக்கே எடுக்கணும். எப்படின்னு சொல்லு."

"வித்து இருக்குற இலைங்க மேல இருக்காது. அடியில, வேருக்குச் சத்த மேல கொத்தாக் கெடக்கும். உங்களால அங்க போக முடியுமா?"

ரோனா மூச்சடக்கினால் ஏழு மீட்டர் இறங்குவாள். பாசிகளின் கால் பதினொரு மீட்டரில் இருந்தது.

"உங்க ஊர்ல முக்குளிக்கிறவங்க யாரும் இல்லையா?" என்று இமொஜென் கேட்டாள். "இருக்கான் ஒருத்தன்," என்றாள் ரோனா.

மறுநாள் திங்கட்கிழமை. ரோனா பேருந்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என் கடைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் காப்பி வைத்தேன். எட்டு மணிக்குக் கதவைத் திறந்த கிளைவ் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான்.

"உன் நாள் நாளைக்குத்தானே?" என்றான்.

"ரொட்டி வாங்க வரல. உன் படகு வேணும்."

"படகு மட்டுமா, ஆளும் சேத்தா?"

"ஆளில்லாம ஓடும்னா படகு மட்டும் போதும்."

எனக்கு உள்ளே அடுப்பில் வேலை இருந்தது. இருந்தும் நான் நகரவில்லை.

"பெட்லர் பாறைக்கு வெளிய கெல்ப் இருக்கு கிளைவ். மூணு."

"கயிறாயிருக்கும்."

"நானும் கயிறுன்னுதான் நெனச்சேன். கயித்துல இலை மொளைக்காது." இமொஜென் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள்.

கிளைவ் ஸ்கேலப் சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ரொட்டி இரண்டு வாங்கினான். எப்போதும் ஒன்றுதான் வாங்குவான். "கூட வர்றவன் பல்லு புடுங்க ஹோபார்ட் போயிருக்கான். படகுல நீதான் நிக்கணும். சொன்னபடி கேப்பியா?"

"முப்பது வருஷம் கேட்டாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம்தானே."

பத்து மணிக்குப் பாறைக்கு வெளியே நங்கூரம் போட்டார்கள். கடல் முந்தின நாளைப்போல இல்லை. தென்கிழக்கிலிருந்து நீண்ட அலைகள் கிளம்ப ஆரம்பித்திருந்தன. கிளைவ் காற்று இயந்திரத்தை ஓடவிட்டு, இடுப்பில் ஈயப் பட்டையையும் வலைப் பையையும் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். ரோனா மஞ்சள் குழாயைக் கையால் அளந்து அளந்து விட்டாள். நீர்க்குமிழிகள் பாசியை நோக்கி நகர்ந்து, அங்கே நின்று கொதித்தன.

இருபது நிமிடத்தில் குழாய் இரண்டு முறை சுண்டி இழுக்கப்பட்டது. வருகிறேன் என்று அர்த்தம். ரோனா சுருட்டத் தொடங்கினாள். குழாய் வரவில்லை. இன்னும் இழுத்தாள், இறுகியது. அலை படகைத் தூக்கியபோது கீழேயிருந்த பாசியின் உச்சி முழுக்கச் சரிந்து திரும்புவது தெரிந்தது. குழாய் தண்டுகளில் சுற்றிக்கொண்டுவிட்டது.

அவளுக்கு முதலில் பயமில்லையாம். அவனிடம் கத்தி இருக்கிறது. கெல்ப் இருந்த காலமெல்லாம் இதைத்தானே வெட்டியிருக்கிறான். நான்கு வெட்டு, வெளியே வந்துவிடுவான். குமிழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குமிழிகள் அதே இடத்தில் நின்றன. வெட்டுண்ட இலை ஒன்றுகூட மேலே மிதந்து வரவில்லை. அப்போதுதான் முகமூடியைக் கையில் எடுத்தாள்.

படகில் ஆள் இல்லாமல் இறங்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரிந்த விதி. ரோனா நங்கூரக் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிடித்திருந்தது. முகமூடியைப் போட்டுக்கொண்டு குதித்தாள்.

குழாயைப் பிடித்தபடி இறங்கினாள். கிளைவ் ஆறு மீட்டரில் இருந்தான். உயிரோடு, அமைதியாக, நல்ல மூச்சோடு இருந்தான். கத்தி காலில் கட்டிய உறையிலேயே இருந்தது. இரண்டு கைகளாலும் குழாயை ஒவ்வொரு தண்டாகக் கழற்றிக்கொண்டிருந்தான், குழந்தையின் தலையில் சிக்கெடுப்பதுபோல. ஒரு பக்கம் கழற்றினால் அலை வந்து மறுபக்கம் சுற்றியது. இடுப்பில் பை நிறைந்திருந்தது. ரோனா கத்தியைக் காட்டிச் சைகை செய்தாள். அவன் தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.

மேலே வந்து மூச்சு வாங்கினாள். மறுபடி இறங்கினாள். இந்த முறை மறுபக்கம் நின்று, அவன் கழற்றித் தந்த சுற்றைத் தன் பக்கம் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு முட்டியதும் மேலே, பிறகு மீண்டும் கீழே. ஐந்தாவது முறை குழாய் தளர்ந்து விடுபட்டது. இருவரும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது ரோனாவின் உதடு நீலமாகியிருந்தது.

"வெட்டித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா? கத்தி எதுக்கு வச்சிருக்க, ரொட்டிக்கு வெண்ணெய் தடவவா?"

"மூணே மூணுதானே இருக்கு," என்றான் கிளைவ்.

அதோடு வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்தாளாம். மூடவில்லை. இலைகளைக் கடல்நீரில் நனைத்த தாளில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் பெட்டியில் அடுக்கி, கரைக்குத் திரும்பும் வரைக்கும் பேசினான். அடியில் வேர்க் கொத்துக்குள் விரல் நீள நண்டுக் குஞ்சுகள் கூட்டமாக இருந்ததைச் சொன்னான். பூனை மாதிரி சுருண்டு படுத்திருந்த உடம்பில் கட்டம் போட்ட ஒரு சுறாவைப் பற்றிச் சொன்னான். மல்லாந்து மேலே பார்த்தபோது அந்தத் தேன் வெளிச்சம் தெரிந்ததாம்.

"மறந்தே போச்சு ரோனா. இப்படி இருக்கும்ங்கறதே மறந்து போச்சு. இது போனப்போ நீ அழுத. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. வெட்டுனவன் நானு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அழுவேன்?"

"நீயா அழிச்ச? சூடு வந்து அழிஞ்சுது."

"தெரியும். தெரிஞ்சாலும் கத்தி எங்கையிலதான இருந்துச்சு."

"அத அப்பவே சொல்லியிருந்தா நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

அவன் காலையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தான். ஆறிப்போன சிப்பி ரொட்டியில் ஒன்றை அவளிடம் நீட்டினான். இரண்டு பேரும் தின்றார்கள்.

அன்று மாலைக்குள் பெட்டி ஹோபார்ட் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை அலை சொன்னதைவிடப் பெரிதாக வந்தது. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பாறைக்கு வெளியே ஒரே ஒரு பாசிதான் நின்றது. மற்ற இரண்டும் வேரோடு கரையில் ஒதுங்கிக் கிடந்தன. ரோனா என் கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது இமொஜெனின் ஃபோன் வந்தது. வித்துகள் வெடித்து, கண்ணாடித் தொட்டியில் கோடிக்கணக்கில் நீந்துகின்றனவாம். மூன்று பாசியினுடையதும்.

அதற்கப்புறம் சுலபமாக ஒன்றும் நடக்கவில்லை. தொட்டியில் வளர்ந்த நாற்றுகளை நூலில் ஏற்றி, அடுத்த குளிர்காலத்தில் பெட்லர் குடாவின் பாறைகளில் கட்டினார்கள். அதற்கு முன் கிளைவும் வேறு நான்கு அபலோன்காரர்களும் இரண்டு மாதம் இறங்கி முள்ளெலிகளை அப்புறப்படுத்தினார்கள். முதல் தடவை நட்டதில் பத்தில் ஒன்பது செத்தது. "பத்துல ஒண்ணு இருக்கில்ல," என்று கிளைவ் மறுபடி இறங்கினான்.

போன ஜனவரியில் ரோனா என்னையும் தள்ளிக்கொண்டு போனாள். எனக்குக் குளிர் ஆகாது. முணுமுணுத்துக்கொண்டே முகமூடியைப் போட்டுக் கவிழ்ந்தேன். கண்ணுக்கெட்டிய வரை தூண் தூணாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. இளம் இலைகள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குமிழ். நடுவில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மீன் குஞ்சுகள். எனக்கு வெகுநேரம் குளிரவே இல்லை.

கரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது ரோனா மொத்தம் நாற்பத்தொரு பாசி என்றாள். கிளைவ் நாற்பத்து மூன்று என்றான்.

"பாறைக்குப் பின்னாடி ரெண்டு இருக்கு. நீ அங்க போகவே இல்ல."

"போனேன்யா. அது அலைக்குத் தப்பின பழைய பாசியோட தண்டு, தனிப் பாசி இல்ல."

"வா, காட்டுறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

இரண்டு பேரும் பாதித் தேநீரை மணலில் ஊற்றிவிட்டு, ஈரமாய்க் கிடந்த உடைகளுக்குள் மறுபடி கையைக் காலை நுழைக்க ஆரம்பித்தார்கள்.