உதட்டில் ஏழாம் வாய்ப்பாடு

12.9.1994, திங்கள்.
இன்றைய தவறு: ஏழாம் வாய்ப்பாட்டில் ஞானசௌந்தரியின் பெயருக்கு நேரே சரி போட்டேன். விடை சொன்னது அவள் இல்லை, நான்தான்.

எழுதி முடித்து ரீபா பேனாவை மூடினாள். மறுபடியும் திறந்து, ‘நான்தான்’ என்பதற்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். கோடு போட்டதால் தவறு ஒன்றும் சிறிதாகிவிடவில்லை.

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய ஓய்வுநாள் பள்ளி அறையில் தினமும் மாலை வகுப்பு நடந்தது. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப்போகிற பெண்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பது ரீபாவின் பொறுப்பு. கல்லூரியில் இரண்டாம் வருடம் வரலாறு படிக்கிறவளிடம் கணக்கைக் கொடுத்தார்கள், வேறு ஆள் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள் அவள். ஏழும் எட்டும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் யாரிடமாவது கேள்வி கேட்டால், கேட்ட கையோடு தனக்குள் ஒரு தடவை விடையைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். சத்தம் வராது. உதடு மட்டும் அசையும்.

ஞானசௌந்தரிக்கு அந்த அசைவே போதும். எட்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு தங்கியது, ஆனால் அளவில்லாமல் உரக்க வரும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே சந்தையில் பேரம் பேசிவிடுவாள். வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். திங்களன்று ரீபாவுக்கு இருமல். ‘ஆறேழு’ என்று கேட்டதும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஞானசௌந்தரி விழித்தாள். கைக்குட்டை விலகி, ரீபாவின் உதடு ஒருதரம் அசைந்ததும், “நாப்பத்திரெண்டு” என்று பதில் வந்தது. சரி போட்ட பிறகுதான் ரீபாவுக்கு உறைத்தது.

உறைத்த வேளையும் மோசமான வேளை. மறுநாள் மாலை ஞானசௌந்தரியின் அண்ணன் பாக்கியசீலன் வருவதாகச் சொல்லியிருந்தார். வண்ணார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், தகப்பன் இல்லாத வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஞானசௌந்தரியின் பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரித்த அன்றே தங்கையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவர். பிறகு அவளை எங்கேயும் அனுப்பவில்லை. இப்போது எட்டாம் வகுப்பு தேறினால் தையல் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். ஏழாம் வாய்ப்பாட்டை எப்படிக் கேட்டாலும் அவள் சொல்லட்டும், தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். விண்ணப்பம் கொடுக்கப் புதன்கிழமை கடைசி.

செவ்வாயன்று ரீபா சீக்கிரமே போய், ஞானசௌந்தரியை ஜன்னலோரம் உட்காரவைத்து விஷயத்தை உடைத்தாள். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சா ஏம்ட்டி சொல்லல?”

“நீங்க அப்படித்தான் சொல்லித் தாரீயன்னுல்லா நெனச்சேன்.”

கேள்வியும் விடையும் ஒரே வாயிலிருந்து வந்தால், படிக்கிறவள் வேறு எப்படி நினைப்பாள்?

அஞ்சேழு முப்பத்தைந்து வரைக்கும் ஞானசௌந்தரிக்குச் சொந்தமாகத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு ஏழாக ஏறலாம், எழுபதிலிருந்து இறங்கவும் செய்யலாம் என்று ரீபா பலகையில் எழுதிக் காட்டினாள். இந்தத் தடவை எழுதும்போது வாயை இறுக மூடிக்கொண்டாள். தாடை வலித்தது. ஆறேழு ஏறிவிட்டது. ஏழேழில் நிற்கும்போது வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

பாக்கியசீலன் வாசலிலேயே நின்றார். பின்னால் சாயங்கால வெளிச்சம் இருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது. ரீபா அவரை உள்ளே வந்து டியூப் லைட்டுக்குக் கீழே உட்காரச் சொன்னாள், இல்லையென்றால் தங்கைக்கு வாய் தெரியாது என்றாள். அவர் நாற்காலியை இழுத்து, இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த மற்ற பெண்கள் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள்.

“ஏட்டி, மூவேழு?”

“இருவத்தொண்ணு.”

சுவரெல்லாம் அதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாக்கியசீலன் தங்கையைப் பார்த்துக் கேள்வி கேட்பார், கேட்டதும் முகத்தை ரீபாவின் பக்கம் திருப்பிக்கொள்வார். இவளும் ஒரு டீச்சரா என்று தன்னை எடைபோடுகிறார் என்று ரீபாவுக்குத் தோன்றியது.

“ஒம்பதேழு?”

ஞானசௌந்தரி எழுபதிலிருந்து இறங்கினாள். தாவணிக்குள் விரல் மடங்குவது ரீபாவுக்குத் தெரிந்தது.

“அறுவத்திமூணு.”

“எட்டேழு?”

விரல் அசையவில்லை. ஞானசௌந்தரி அண்ணனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடைசியில் பார்வை ரீபாவின் வாயில் வந்து நின்றது. பழகிய பார்வை. தாகத்துக்குச் செம்பை நீட்டுகிறவளைப் பார்க்கிற மாதிரி.

ரீபாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு துடித்தது. அறையில் ஒருவருக்கும் கேட்காது. ஒரே ஓர் அசைவு போதும், கையெழுத்து விழுந்துவிடும், ஒரு பெண்ணின் பிழைப்புக்கு வழி திறந்துவிடும். ஆனால் ஐம்பத்தாறா, ஐம்பத்துநாலா? அந்த நிமிஷத்தில் அதுவும் சந்தேகமாகிவிட்டது. உதடு தானாகப் பிரியப் போவதை உணர்ந்தவள் சட்டென்று எழுந்து, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

தெருவில் ஒரு பஸ் போனது. காலண்டரில் இருந்த வசனத்தை ரீபா படித்தாள், ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை.

“அம்பத்தி... நாலு.”

ரீபா திரும்பவில்லை. திரும்பினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். பெஞ்சில் விரல்கள் தட்டுவது கேட்டது. பைய, ஒவ்வொன்றாக.

“இல்ல. அம்பத்தாறு.”

“ரெண்டுல எதுட்டி?”

“அம்பத்தாறுதான். இப்பதான அறுவத்திமூணு சொன்னேன். அதுல ஏழு போனா அம்பத்தாறு.”

பாக்கியசீலன் விரல்கணுவில் கட்டைவிரலை வைத்து முணுமுணுத்தபடி பின்னோக்கி எண்ணத் தொடங்கினார். அவருக்கும் ஏழும் எட்டும் அப்படி ஒன்றும் சிநேகிதம் இல்லை போலிருந்தது. எண்ணி முடித்து, தலையை ஆட்டினார். பிறகுதான் ரீபா திரும்பினாள்.

“டீச்சர், நான் இவளப் பாக்கவே இல்ல. ஒங்க வாயத்தான் பாத்துட்டு இருந்தேன்” என்றார் அவர். “வீட்டுல எங்கம்மா வாயப் பாத்துத்தான் இவ எல்லாத்தையும் சொல்லுதா. இங்கனயும் அந்தக் கததான் நடக்குன்னு நெனச்சேன். பரிச்சையில எந்த வாயப் பாத்து எழுதுவா, அங்கனயும் போயி அசிங்கப்படணுமான்னுதான் வந்தேன்.”

ரீபா தான் செய்ததைச் சொல்லிவிட வாயெடுத்தாள். நேற்று வரைக்கும் அந்தக் கதைதான் நடந்தது என்று ஒரு வழியாகச் சொன்னாள். “இன்னைக்கு நடக்கலல்லா” என்றார் அவர். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த விண்ணப்பத்தை எடுத்து, முழங்காலில் வைத்தால் கிழியும் என்று பெஞ்சுக்கு நகர்ந்து, எழுத்துக் கூட்டுகிறவர் போல நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஞானசௌந்தரிக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் மேலாக இருந்தது. புறப்படும்போது ரீபாவின் கையைப் பிடித்து இழுத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“அடுத்த மட்டம் சொல்லிட்டுத் திரும்புங்கக்கா. என்னய விட்டுட்டுப் போயிட்டீயன்னு பயந்துட்டேன்.”

வீட்டுக்கு வந்ததும் ரீபா வாய்ப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எட்டேழு ஐம்பத்தாறுதான் என்று பார்த்து உறுதிசெய்தாள். திங்களன்று போட்ட சரியை அடித்து, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சரி போட்டாள். பிறகு எழுதினாள்:

நாளைக்கு: முதலில் விண்ணப்பம் சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். பிறகு எட்டாம் வாய்ப்பாடு, கீழிருந்து மேலாக. கேள்விகளைப் பலகையில் மட்டும் எழுத வேண்டும். ஞானசௌந்தரியிடம் சொல்லிவிட்டு, அவளுக்குப் பின்னால் உட்கார வேண்டும்.