இல்லாத மடு

மீன்காரி ஐஸ் கட்டிகளை விலக்கி ஒரு கெண்டையைத் தூக்கிக் காட்டினாள். கடைசல்காரர் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தார். பாலாடை படிந்ததுபோல வெளுத்துக் கிடந்தது.

"இன்னிக்குப் புடிச்ச மாதிரி இருக்கறதா பாத்துக் குடும்மா."

"இன்னிக்குப் புடிச்சது வேணும்னா நீங்கதான் ஏரியில எறங்கணும்" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மீன்களைப் பொறுக்கினார். ஒன்று பெரிசு, ஒன்று நடுத்தரம், ஒன்று பொடிசு. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கடையில் வாங்கியது என்று தெரிந்துவிடும். அவற்றை ஈரச் சாக்கில் சுற்றி, குழாயடியில் நின்று கால்சட்டையின் ஓரங்களை நனைத்துக்கொண்டார். தூண்டில் கழி மொபெட்டின் பக்கவாட்டில் கட்டியபடியே இருந்தது. அதன் முள் ஒருநாளும் தண்ணீரைத் தொட்டதில்லை.

அவருக்கு மீன் வாடையே ஆகாது. ஐந்து மாதமாக வாரந்தோறும் இதே கூத்து.

பம்பு செய்யும் பட்டறையில் அவருக்குக் கடைசல் வேலை. இருபத்தாறு வருஷம் ஒரே லேத்தில் நின்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கடைசல்காரர்தான். ஆர்டர் குறைந்துபோய், பட்டறையை வாரத்துக்கு நாலு நாள் மட்டும் திறப்பது என்று முதலாளி முடிவு செய்தபோது, சம்பளமும் அதே கணக்கில் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி, வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறவன். ஏரிக்குப் பின்னால் பாழடைந்த செங்கல் சூளை ஒன்று இருக்கிறது, ஆள் நடமாட்டம் கிடையாது, சுற்றிலும் நாணலும் முள்ளும் ஆள் உயரம், வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறது என்றான். இருபது கஞ்சாச் செடி. ஒரே ஒரு பருவம். அப்புறம் நம்ம பாட்டுக்கு நம்ம வேலை.

"செடி தானா வளரும் மாமா. நாம வளக்க வேண்டியது கதையைத்தான்" என்றான் மைத்துனன். கதை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒன்று பட்டறைக்கு ஒன்று கூடாது. கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. கேட்டவன் கொட்டாவி விடும் அளவுக்குச் சப்பென்று இருக்க வேண்டும். மீன் பிடிக்கப் போகிறேன் என்பதைவிடச் சப்பென்று என்ன இருக்கிறது?

ஆனால் அது சப்பென்று இருக்கவில்லை. பட்டறை மேஸ்திரி மண்புழு போடுவீர்களா, மாவு உருண்டை போடுவீர்களா என்று பிடித்துக்கொண்டார். வெல்டிங் அடிப்பவர் தன் பங்குக்கு ஒரு மீன் வேண்டும் என்றார். பதில் சொல்வதற்காகவே கடைசல்காரர் மீன் பிடிப்பதைப் பற்றிப் படித்தார். போன வாரம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்துக்கொள்வதற்கே தலை வலித்தது. லேத்தில் நிற்கும்போது முன்பெல்லாம் அவர் மனம் காலியாக இருக்கும். இப்போது எந்நேரமும் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தான்.

மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரசீது போடுகிறவள். நாள் முழுக்க அடுத்தவர் நோய்களைத் தட்டச்சு செய்துவிட்டு, வெளியே வந்து வாய் திறக்காதவள். மீனை வாங்குவாள், கழுவுவாள், வறுப்பாள். அவர் பேருக்கு ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

எதிர்வீட்டு போஸ்ட்மேன்தான் விடவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியும் அவர் போஸ்ட்மேன்தான். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். மகள் வேறு ஊரில். காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தெருவில் போகிறவர் வருகிறவரெல்லாம் அவருக்கு ஒரு வார்த்தை பாக்கி.

"தம்பி, ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்களேன்."

"மொபெட்ல ரெண்டு பேர் ஏற முடியாதுண்ணே, பின் டயர் போயிருச்சு."

அடுத்த வாரம் டயர் சரியாகியிருந்தது. அதனால் வெயில் ஜாஸ்தி என்றார். அதற்கடுத்த வாரம் பாதை முழுக்கப் பாம்பு என்றார். போஸ்ட்மேன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "சரி தம்பி, தோதுப்படறப்ப சொல்லுங்க." அந்தத் தலையாட்டலை முதுகில் சுமந்துகொண்டுதான் கடைசல்காரர் மொபெட்டை உதைப்பார்.

கோடை முற்றியபோது புதுச் சிக்கல் முளைத்தது. ஏரி வற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் போஸ்ட்மேனே கேட்டுவிட்டார். "ஏரியில தண்ணியே இல்லைங்கறாங்க. நீங்க எங்க தம்பி புடிக்கறீங்க?"

கடைசல்காரர் மொபெட்டை உதைக்கப்போன காலை இறக்கினார். அப்புறம் வாய் தன்பாட்டில் சொன்னது: "ஏரிக்குப் பின்னால செங்கல் சூளை இருக்கில்ல, அதுக்கும் அந்தப் பக்கம் ஒரு மடு இருக்குண்ணே. ஆழம். எந்தக் கோடைக்கும் வத்தாது."

சொன்னபின்தான் உறைத்தது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த இடத்தைத் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். ஆனால் மைத்துனனிடம் அதைச் சொல்லவில்லை. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம்தானே என்று விட்டுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை. வழக்கத்தைவிடத் தாமதமாக, பத்து மணி வாக்கில், சூளைக்குப் போய்ச் சேர்ந்தார். மொபெட்டை முள்ளுக்குள் தள்ளி மறைத்துவிட்டுத் திரும்பியபோது இடிந்த சுவரின் நிழலில் ஒரு ஜோடிக் கால்கள் தெரிந்தன. பழைய தோல் செருப்பு, பட்டையில் தையல் போட்டது. அந்தச் செருப்பை அவருக்குத் தெரியும்.

போஸ்ட்மேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. ஒரு கை இடது தாடையைப் பிடித்திருந்தது. பக்கத்தில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புதுத் தூண்டில்.

"அண்ணே! என்னண்ணே இது?"

"மடுவைத் தேடினேன் தம்பி" என்றார் அவர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "ஏரிக்குள்ளயே நடந்து வந்தேன். ரெண்டு சுத்து சுத்திட்டேன். அகப்படலை. நெஞ்சுல என்னமோ கல்லு வெச்ச மாதிரி இருக்கு."

பத்தடி தள்ளி, நாணல் மறைப்புக்குப் பின்னால், செடிகள் தோள் உயரத்துக்கு நின்றன. காற்று திரும்பும்போதெல்லாம் அந்த வாடை பச்சையாக வந்து மூக்கில் இடித்தது.

கடைசல்காரர் போனை எடுத்தார். விரல் முதலில் மைத்துனன் எண்ணுக்குத்தான் போனது. பின்னாளில் அதை நினைத்து அவர் பலமுறை கூசியதுண்டு.

"மாமா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றான் மைத்துனன். வேன் இரைச்சலுக்கு மேலே கத்தினான். "ஆம்புலன்ஸை அங்க வரவழைக்காதீங்க. மெதுவா ரோடு வரைக்கும் நடத்திட்டுப் போங்க. அங்க வெச்சுக் கூப்பிடுங்க."

"அவரால எந்திரிக்கவே முடியலைடா. ரோடு ஒண்ணரை மைல்."

"தூக்கிக்கிட்டுப் போங்க! மாமா, நம்ம ரெண்டு பேருக்கும் ஜெயில். அக்காவை நெனச்சுப் பாத்தீங்களா?"

கடைசல்காரர் போஸ்ட்மேனைப் பார்த்தார். இல்லாத ஒரு தண்ணீரை நம்பி, காய்ந்து வெடித்த ஏரியில் இந்த வயதில் இரண்டு சுற்று நடந்திருக்கிறார். இனி ஒரு பொய்யைத் தூக்கவும் தன் உடம்பில் தெம்பு இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பயம் போகவில்லை. அசதி பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். இணைப்பைத் துண்டித்தார். ஆம்புலன்ஸுக்கு அடித்து, வழியைத் திருத்தமாகச் சொன்னார். எந்தத் திருப்பம், எந்த மரம், எங்கே வண்டியை நிறுத்த வேண்டும், எல்லாம்.

வண்டி வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை தன் சட்டையைக் கழற்றி அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். செடிகளைப் பிடுங்கி எறிய நேரம் இருந்தது. ஆனால் கையை எடுத்தால் போஸ்ட்மேனின் மூச்சு நின்றுவிடும்போல ஒரு எண்ணம்.

ஸ்ட்ரெச்சரோடு ஒரு பெண்ணும் டிரைவரும் வந்தார்கள். அந்தப் பெண் வந்த வேகத்தில் மாஸ்க்கை மாட்டி, நாடி பார்த்து, ஊசி போட்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து மூக்கைச் சுளித்தாள். நாணல் பக்கம் ஒரு பார்வை, கடைசல்காரர் முகத்தில் ஒரு பார்வை.

"நீங்க யாரு இவருக்கு? இங்க என்ன பண்றீங்க?"

ஐந்து மாத ஒத்திகையும் அங்கே உதவவில்லை. கையிலிருந்த சட்டையை உதறி மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

போஸ்ட்மேன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினார். "எதிர்வீட்டுத் தம்பி. நாங்க ரெண்டு பேரும் மீன் புடிக்க வந்தோம்."

அவள் சுற்றிலும் இருந்த வறண்ட பூமியைப் பார்த்தாள். "பேசாதீங்க பெரியவரே" என்று மாஸ்க்கைத் திரும்ப அழுத்தினாள். "நீங்க தலைமாட்டுல புடிங்க. குலுங்காம."

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனபின், கடைசல்காரர் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனைவி வேலையிலிருந்து பாதியில் கிளம்பி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார், முதலிலிருந்து கடைசி வரை. குரல் தட்டையாக வந்தது, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல.

அவர் சொல்லி முடிந்ததும் சொன்னாள்: "ஐஸ்ல வெச்ச மீனு கழுவறவளுக்குத் தெரியாதாங்க? முதல் வாரமே தெரியும்."

"அப்ப ஏன் கேக்கலை?"

"எவளோ ஒருத்தின்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்." அவர் சட்டையில் ஒட்டியிருந்த முள் ஒன்றை எடுத்தபடி, "அதுவும் பாருங்க, எனக்குப் பொய் சொல்றதுக்காக இவ்வளவு தூரம் போய் மீன் வாங்கிட்டு வராரேன்னு ஒரு பக்கம் பாவமாவும் இருந்துச்சு" என்றாள். சிரிக்க முயன்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் தம்பிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க விடிஞ்சதும் போய் அத்தனையையும் புடுங்கிப் போட்டுட்டு வாங்க" என்றாள்.

போனார். வேர் ஆழமாக இறங்கியிருந்தது. ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, முறித்து, சூளைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடினார். முடிக்க மதியமாகிவிட்டது. உள்ளங்கை கொப்புளித்தது. போலீஸ் வரும் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஆனால் இனி வரமாட்டார்கள் என்று நம்ப அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. தெருவில் ஜீப் வேகம் குறைந்தால் அவர் வாயில் இருக்கும் சோறு இறங்காது. மைத்துனன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அக்காவைப் பார்க்க வந்தால் வாசலோடு போய்விடுவான்.

போஸ்ட்மேன் பிழைத்துக்கொண்டார். ஆறாவது நாள் வார்டில் எழுந்து உட்காரவிட்டார்கள். கடைசல்காரர் போய் கட்டிலோரம் நின்றார்.

"அண்ணே, அங்க மடு எதுவும் கிடையாது."

"தெரியும். உக்காரும்போதே செடியைப் பாத்துட்டேன். முப்பத்தொரு வருஷம் தபால் குடுத்தவன் தம்பி. ஒட்டின கவருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும், தெரியாத மாதிரி குடுத்துட்டு வரவும் தெரியும்."

"என்னால உங்க உயிரே போயிருக்கும்."

போஸ்ட்மேன் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "எனக்கு மீன் புடிக்கவே தெரியாது. கழியை எப்படிப் புடிக்கறதுன்னுகூடக் கடைக்காரன்தான் காமிச்சான்" என்றார். "பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கும், பேசாம இருந்தாலும் பரவாயில்லைன்னு நெனச்சேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் வந்திருக்கவே மாட்டேன் தம்பி. டயரு, வெயிலு, பாம்புன்னு சொல்லச் சொல்ல, சரி, நாளைக்குக் கூட்டிட்டுப் போவார்னுதான் இருந்தேன்."

கடைசல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்வையாளர் நேரம் முடிகிறவரை பக்கத்திலேயே இருந்தார்.

மறுவாரம் மகள் வந்து அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போனாள். கடைசல்காரர்தான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலில் வைத்தார். அவர் ரயிலைவிட்டு இறங்கும்போது போஸ்ட்மேன் ஒரு காகிதத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தார். அஞ்சல் எண்ணை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

பட்டறை இல்லாத நாட்களுக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை ஒன்றில் கடைசல்காரருக்கு வேலை கிடைத்தது. கூலி குறைவு, வேலை அதிகம். சாயங்காலம் வீடு திரும்பும்போது முதுகும் தோளும் கழன்றுவிடும்போல வலித்தன. யாராவது எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால், கடையின் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.