அண்ணனின் சுத்தமான பெயர்

என் அண்ணன் ஜெனிவால்டோ மாதிரி ஒரு யோக்கியனை இந்த ரெசிஃபே நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அவன் பெயரில் ஒரு காசு கடன் கிடையாது. எப்படி இருக்கும்? மோட்டார் சைக்கிள், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் என் பெயரில் அல்லவா தவணைக்கு வாங்கினான்! எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்துதான். "உன் பேரைக் கொஞ்சம் குடும்மா" என்று சொந்தக்காரன் வந்து நிற்பான். மறுத்தால் கல்நெஞ்சக்காரி. நான் கொடுத்தேன், அவன் தவணையை நிறுத்தினான், கடன் கட்டாதவர்கள் பட்டியலில் ஏறி என் பெயர் அழுக்கானது.

அதனால் எனக்கு வாடகைக்கு வீடு தர எவனும் தயாரில்லை. அந்த யோக்கியன் வீட்டுக் கூடத்திலேயே நானும் மகள் ராயானேயும் துணி ஊஞ்சல் கட்டிப் படுத்தோம். வெக்கை தாங்காமல் மின்விசிறியைப் போட்டால் அண்ணி லுசினெய்டே எழுந்து வந்து அணைப்பாள்.

"ஜூன் திருவிழாவுக்கு என் தங்கச்சி வர்றா. அதுக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றாள் ஒருநாள்.

ஓடி அலைந்து ஒரு சின்ன வீட்டைப் பிடித்தேன். வீட்டுக்காரர் ஒட்டாசிலியோ என் அடையாள எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்தாத குறையாகச் சொன்னார்: "பேரு இவ்ளோ அழுக்கா இருக்கேம்மா. சொந்த வீடு இருக்கிறவங்க யாராவது ஜாமீன் போட்டாத்தான் ஆச்சு."

எங்களைத் தொலைத்துத் தலைமுழுகும் ஆசையில் அண்ணிதான் ஜாமீன் போடச் சொல்லி அண்ணனைத் துரத்தினாள். சென்ட் அடித்துக்கொண்டு அதே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

ஒட்டாசிலியோ அவன் எண்ணைத் தட்டினார். "ஆகா, ஒரு கறை இல்லியே! அண்ணனைப் பாத்துக் கத்துக்கோம்மா."

"நான் எப்பவுமே அப்படித்தாங்க. இவதான் சின்ன வயசுலேருந்தே பொறுப்பில்லாதவ" என்றான் அண்ணன். வெட்கங்கெட்டவன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஒட்டாசிலியோ ஒப்பந்தத்தைப் படித்தார். வாடகை வராவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும். அவரும் கட்டாவிட்டால், அவர் குடியிருக்கும் வீடே ஏலத்துக்குப் போகும். துரை அதையெல்லாம் கேட்டாரா? செல்பேசியில் கால்பந்து பார்த்தபடியே கையெழுத்தை வளைத்து வளைத்துப் போட்டார். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

முதல் வாடகை கட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மாலை அவன் வீட்டுக்குப் போனேன்.

"என்னடி, அதுக்குள்ள திரும்பி வந்துட்ட?"

"வாடகைப் பணம் பையில இருக்கு அண்ணே. காலையில நீ போய் வண்டி பாக்கியைக் கட்டிட்டு ரசீதைக் காட்டு. அப்புறம் நான் வாடகை கட்டறேன். மத்த பாக்கியை மாசாமாசம் பாத்துக்கலாம்."

"கட்டலன்னா என்னடி பண்ணுவ?"

"நான் என்ன பண்றது? எம் பேரு ஏற்கெனவே நாறிக் கெடக்கு. தெருவுக்கு வந்தாலும் ஊஞ்சல் கட்ட ரெண்டு மரம் போதும். ஏலத்துக்குப் போறது உன் வீடு. அன்னிக்குப் படிச்சாரே, கேக்கலியா?"

அவன் தின்றுகொண்டிருந்த சோளப்புட்டைத் தள்ளி வைத்தான். லுசினெய்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.