‘நுழையலா’ வரை

1

அன்று காலை நீதிபதியின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நீதிபதி, நீதிமன்றத்தில் அவருக்கு முன்னால் கோலேந்தி நடக்கும் டவாலி, என் அண்ணன். மூன்றே பேர். நான் இல்லை. போன மாதம் சட்டக் கல்லூரி மேடையில் இதைக் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவரும் இல்லை. அவர் அப்போது பிறக்கவே இல்லை.

அவர் சொன்னது இது: உத்தரவில்லாமல் நம் வீட்டுக்குள் அரசு நுழைய முடியாது என்ற உரிமையைத் தந்தவர் நீதிபதியே அல்ல, ஒரு சுருக்கெழுத்தாளர், தீர்ப்பில் ஒரு சொல்லைத் துணிந்து மாற்றிவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது. நான் உட்கார்ந்தே இருந்தேன். அந்தச் சுருக்கெழுத்தாளர் என் அண்ணன். பாராட்டுகிறோம் என்று சொல்லி அவரை மோசடிக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

அதனால் எழுதுகிறேன். எனக்குக் கதை எழுத வராது.

2

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு

(இல்லை. அன்று மழை பெய்யவில்லை.)

அண்ணன் வீட்டுக்கு வரும்போது கார்பன் தாளின் நீலம் விரல்களில் ஏறியிருக்கும். அண்ணி விடமாட்டார்: “ஊரெல்லாம் கைரேகை வைக்கிறீங்க, ஒருநாள் உங்களத்தான் பிடிக்கப் போறாங்க.” அண்ணன் சிரிக்காமல் கையை இரண்டாம் முறை கழுவுவார். அந்த வீடு இன்று இல்லை. கழுவுதொட்டி ஓரத்து நீலக்கறை மட்டும் எனக்கு அப்படியே

(போதும். வழக்குக்கு வருகிறேன்.)

3

புத்தகம் தைப்பவர் ஒருவரின் வீட்டில் காவலர்கள் உத்தரவில்லாமல் புகுந்து காகிதங்களை அள்ளிப் போனார்கள். வழக்கு மூன்று நீதிபதிகள் வரை ஏறியது. ஒருவர் அரசின் பக்கம், ஒருவர் புத்தகக்காரர் பக்கம். மூன்றாமவர் சொல்வதுதான் சட்டம். அந்த மூன்றாமவரிடம்தான் அண்ணனுக்கு வேலை.

அவர் வாக்கியத்தின் வாலை விழுங்குகிறவர். [நம் மொழியில் உயிர் வாலில்தான் இருக்கிறது. ஆமா, இல்லையா என்பது கடைசி அசை வரை தெரியாது.] கடைசி வரியைச் சொன்னார்: “ஆகவே, உத்தரவின்றி அரசு ஒருவரின் வீட்டுக்குள் நுழையலா—” இருமல் வந்தது. இருமிக்கொண்டே எழுந்து காரில் ஏறிவிட்டார்.

[முந்தைய பக்கங்களைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. கடைசி வரி வரை எந்தப் பக்கமும் சாயாமல் எழுதுவதில் அவர் மன்னன்.]

மறுநாள் பத்தரைக்குத் தீர்ப்பு. அன்றிரவு அண்ணன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். “ஒரு சொல் குறையுது,” என்றார். எந்த வழக்கு என்று ஊருக்கே தெரியும்.

“ஒரு சொல்லுதானே? நல்லதா ஒண்ணு போடுங்களேன்,” என்றார் அண்ணி.

“‘ஆகாது’ன்னு அடிச்சிடுண்ணே. எவனுக்குத் தெரியப் போவுது?” இது நான்.

“எனக்குத் தெரியும்டா,” என்றார் அண்ணன்.

(இந்த வதந்தி எங்கே தொடங்கியது என்று பலநாள் யோசித்து

சரி, எழுதிவிடுகிறேன். தீர்ப்பு வந்த வாரம், டீக்கடையில், நாலு பேர் நடுவில், “எங்க அண்ணன் போட்ட சொல்லுய்யா அது!” என்று நான்தான் மார்தட்டினேன். இதை முதல் பிரதியில் விட்டுவிட்டிருந்தேன்.)

4

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் அந்த முன்னறையில் நின்றார்.

“என்னய்யா, காலங்காத்தால?”

“கடைசி வரிங்க ஐயா. ஒரு சொல் காதுல விழல.”

“நான் என்ன சொன்னேன்?”

“‘நுழையலா’ வரைக்கும் சொன்னீங்க.”

டவாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீதிபதி சிரிக்கவில்லை.

“நீ என்ன போட்டிருக்கே?”

“இடம் விட்டிருக்கேங்க.”

“உனக்கு என்ன தோணுது?”

‘ஆகாது’ என்பது அண்ணனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் புத்தகக்காரர் மூன்று வருடமாக நீதிமன்ற வராந்தாவில் உட்காருவதைத் தினமும் பார்த்தவர் அவர். ஒரே சொல், கேட்கிறவரும் நீதிபதியே. சொன்னால் அது நடந்துவிடும் என்று அந்த நொடியில் அவருக்குத் தெரிந்தது. அதனாலேயே பயந்தார்.

“அத நான் சொல்லக் கூடாதுங்க ஐயா.”

நீதிபதி பதினெட்டுப் பக்கத்தையும் வாங்கி முதலிலிருந்து படித்தார். டவாலி கொண்டுவந்த டீ ஆறி ஆடை படிந்தது. “நேத்து என்ன சொன்னேன்னு எனக்கே உறுதியில்லய்யா,” என்றார் கடைசியில். “இன்னைக்குச் சொல்றேன். எழுதிக்க.”

5

இங்கே முடிவு வரவேண்டும். கைதட்டல் வாங்கும் முடிவு: அவர் ‘நுழையலாம்’ என்றார், அண்ணன் ‘ஆகாது’ என்று அடித்தார். அழவைக்கும் முடிவு: அவர் மறுபடி இருமினார். எதை வேண்டுமானாலும் உங்கள் கதையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் என் அண்ணன் இருக்கக் கூடாது.

நான் டீக்கடையில் சொன்னது பொய். நீதிபதி ‘நுழையலாகாது’ என்று முழுதாகச் சொன்னார். டவாலியும் கேட்டார். அண்ணன் அதை எழுதினார். ஒரு சொல்லையும் அவர் மாற்றவில்லை.