வெட்டுப்புழுவும் என் நாத்தனாரும்

என் கணவர் விட்டுச் சென்ற உறையில் ஒன்பது விதைகள் இருந்தன. உறையின் மேல் ‘பூசணி’ என்று மட்டும் எழுதியிருந்தார். பார்த்தால் தெரியாதா? எப்போது ஊன்றுவது, எப்படிக் காப்பாற்றுவது என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்? பதினோரு வருடங்களாகத் தன் கொடியிலிருந்தே அவர் எடுத்துவைத்து வந்த விதை. கடைசி வருடம் ஆஸ்பத்திரியிலேயே கழிந்ததால் புது விதை எடுக்கவில்லை. இந்த ஒன்பதும் போனால் அந்த வம்சம் அதோடு சரி.

பழைய விதை, எது முளைக்குமோ என்று ஒன்பதையும் ஊன்றினேன். ஏழு முளைத்தன.

மாடியில் குடியிருக்கும் என் நாத்தனார் தையல்காரி. துணியில் ஒரு பிசிறு நூல் கண்ணில் பட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முளைத்த அன்று நான் பென்ஷன் ஆபீசுக்குப் போய்த் திரும்புவதற்குள் பின்பக்கத்துப் பாத்தியில் ஒரு புல் மிச்சமில்லை.

“பளிச்சுனு இருக்கா அண்ணி? அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து காடா கிடந்துச்சு.”

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை இரண்டு நாற்றுகள் தரையை ஒட்டித் துண்டாகிச் சாய்ந்து கிடந்தன. இலைகூட வாடவில்லை.

“கத்தரியால வெட்டின மாதிரி இருக்கே,” என்றாள்.

“இந்த வீட்டுல கத்தரியும் கையுமா இருக்கிறது நீ ஒருத்திதான்.”

“ஆமா, தைக்கிற துணியைப் போட்டுட்டு உங்க பூசணியை வெட்டத்தான் எனக்கு நேரம்.”

எலி என்றாள். நத்தை என்றாள். எதிர்வீட்டுக் கோழியைச் சந்தேகப்பட்டாள். சாம்பலைத் தூவினாள். நான் என் பங்குக்குக் காகிதக் கப்புகளின் அடியை வெட்டி எடுத்து, மிச்சமிருந்த ஐந்து நாற்றுகளைச் சுற்றியும் வளையம்போல மண்ணில் அழுத்தி வைத்தேன். அடுத்த நாள் காலை வளையம் ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் இரண்டு வளையங்களுக்குள் நாற்று விழுந்து கிடந்தது.

விழுந்த ஒன்றை எடுத்துக்கொண்டு இருவரும் விதைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெட்டுப்பட்ட தண்டைப் பார்த்தார்.

“வெட்டுப்புழும்மா. பகல்ல மண்ணுக்குள்ள சுருண்டு கிடக்கும், இருட்டினா மேல வந்து தண்டைக் கடிக்கும். சுத்தி புல்லு ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுகூட இல்லைங்க, வேரோட பிடுங்கிட்டேன்,” என்றாள் நாத்தனார் பெருமையாக.

“அப்புறம் அது என்னத்தைத் திங்கும்? மிச்சம் இருந்தது உங்க நாத்துதானே?”

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் கடையின் கூரையைப் பார்த்தாள்.

“நான்தான் வளையம் வச்சேனே?” என்றேன்.

“வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணைக் கிளறிப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

“திருடனை உள்ள விட்டுட்டுக் கதவைப் பூட்டியிருக்கீங்க.”

இப்போது நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

மருந்து கேட்டதற்கு, மூன்று செடிக்கு மருந்து எதற்கு, கையால் பொறுக்குங்கள் என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் எனக்கு என் கணவர்மேல்தான் எரிச்சல். வருடா வருடம் பாத்தியைச் சுத்தம் செய்து, விதை போடாமல் இரண்டு வாரம் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பார். மண்ணை என்ன தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். சிரித்ததற்குப் பதில் ‘புழு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு ஸ்பூனோடு உட்கார்ந்தோம். நாற்று விழுந்த வளையங்கள் இரண்டிலும் சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு ஒவ்வொன்று. நாத்தனார் செருப்பால் கணக்குத் தீர்த்தாள். நின்ற மூன்றில் முதலாவதில் சின்னதாக ஒன்று. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

“விடு, போதும்.”

“இருக்கும் அண்ணி. இன்னும் கொஞ்சம் உள்ள பார்க்கிறேன்.”

“வேர் போயிடும்டீ!”

“ஒரு நிமிஷம்...”

நாற்று வேரோடு ஸ்பூனில் வந்தது. புழு இல்லை.

“புழுவாவது பசிக்குத் தின்னுச்சு! உனக்கு என்ன கேடு?” என்று கத்திவிட்டேன்.

அவள் நாற்றைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தாள். “எனக்கும் அவர் அண்ணன்தானே? அந்த உறையை நீங்க என்கிட்ட காட்டக்கூட இல்லை.”

அவர் போனதிலிருந்து எட்டு மாதமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் துக்கம் விசாரித்தார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது இவள். பிடுங்கிய நாற்றை வாங்கித் திரும்ப ஊன்றித் தண்ணீர் விட்டேன். மதியத்துக்குள் அது தொங்கிவிட்டது. மற்ற இரண்டுக்கும் வளையத்தை அவளையே வைக்கச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் போனால், எனக்கு முன்னால் அவள் அங்கே குந்தியிருந்தாள்.

“நிக்குது அண்ணி. ரெண்டும் நிக்குது.”

பத்து நாளில் தண்டு தடித்துச் சொரசொரப்பானது. இனிப் புழுவின் பல் ஏறாது என்றார் கடைக்காரர். நாத்தனார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, துணியை அளப்பதுபோல் இரண்டு செடியையும் கண்ணால் அளந்தாள்.

“கொஞ்சம் நெருக்கமா இருக்குல்ல அண்ணி? ஒண்ணை மட்டும் எடுத்து அந்த ஓரமா வச்சா...”

“தொட்டுப் பாரு, தெரியும்.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. நானும் நகரவில்லை. அவளை நம்பி எப்படி உள்ளே போவது?